அசையாமை மட்டும் மயக்கம் ஆகாது: ஆய்வக மீன்களின் மயக்க மருந்துகள் கற்பிக்கும் பாடம்

அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்கவியல் பரிசோதனைக்கு வருவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. "நல்ல மயக்க மருந்தாகப் பார்த்துக் கொடுங்கள், டாக்டர், செலவு கூடினாலும் பரவாயில்லை" என்பதே அது. தம்மவர் மீதுள்ள அன்பும், மயக்கத்திலிருந்து அவர் நலமாக எழுவாரா என்ற அச்சமும் அச்சொற்களில் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆனால் 'நல்ல மயக்க மருந்து' என்று தனியே ஒன்று இருக்கிறதா? மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இதுவே சிறந்தது என்று முடிவு சொல்லிவிட முடியுமா?

இக்கேள்விக்கு விடை காண, ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மீன்களுக்குக் கொடுக்கும் மயக்க மருந்துகளை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம். மருத்துவமனை இதழில் மீனைப் பற்றிய பேச்சு எதற்கு என்று தோன்றலாம். மீனுக்குப் பயன்படும் மருந்துகள் பலவும் மனிதருக்குப் பயன்படுபவையே, அல்லது அவற்றுக்கு மிக நெருங்கியவை. மேலும், மீனால் "வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் நோயாளியாலும் சொல்ல முடியாது. சொல்ல இயலாத ஓர் உயிரின் நிலையைப் புறத்திலிருந்து எவ்வாறு அறிவது என்ற கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

மீனுக்கு மயக்கம் எதற்கு?

உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் பெருமளவில் வளர்க்கப்படும் மீன், வரிக்குதிரை மீன் எனப்படும் ஜீப்ரா மீன். மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள இம்மீன் இந்தியத் துணைக்கண்டத்து நீர்நிலைகளைத் தாயகமாகக் கொண்டது. வண்ணமீன் கடைகளிலும் கிடைப்பது. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதனை மரபியல் ஆய்வுக்கு உரியதாக வளர்த்தெடுத்து, 1981-இல் தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்கிறது. கண்ணாடி போல் உள்ளுறுப்புகளைக் காட்டுகிறது. மனித மரபணுக்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இணையானவை இம்மீனிடம் உள்ளன என்பதை 2013-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு காட்டியது. இதயத்தின் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கு வரை வெட்டி எடுத்த பின்னரும் இம்மீன் அதை மீண்டும் வளர்த்துக்கொள்கிறது என்பது 2002-இல் தெரியவந்தது. மாரடைப்பால் இதயத்தசையை இழந்தவர்களுக்கு என்றேனும் பயன்படக்கூடிய அறிவு இது.

இதயத்தை வெட்டுவது மீனுக்கும் அறுவைச் சிகிச்சைதான். ஆகவே மயக்கம் தேவைப்படுகிறது. மீனுக்கு வலி தெரியுமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. 2003-இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில், தீங்கு தரும் தூண்டலை உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் அசிட்டிக் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் அடியிலுள்ள கூழாங்கற்களில் உதட்டைத் தேய்த்தன. இரை எடுக்க நெடுநேரம் தயங்கின. மார்ஃபின் கொடுத்தபோது அந்நடத்தைகள் குறைந்தன. நம் நோயாளிகளின் கடும் வலியைத் தணிக்க நாங்கள் பயன்படுத்தும் அதே மார்ஃபின்தான் அது. இன்று நல்ல ஆய்வகங்கள் மீனின் வலியையும் கணக்கில் கொண்டே இயங்குகின்றன.

செவுளும் நுரையீரலும்

மீனுக்கு நரம்பில் ஊசி போடுவது எளிதன்று. எனவே மருந்தை நீரில் கரைத்து அந்நீரில் மீனை விடுகிறார்கள். மீன் மூச்சுவிடும்போது மருந்து செவுள்களின் வழியே குருதியில் கலந்து மூளையை அடைகிறது. தூய நீருக்கு மாற்றியதும் பெரும்பகுதி மருந்து செவுள் வழியாகவே வெளியேறுகிறது. நாங்கள் அறுவை அரங்கில் பயன்படுத்தும் செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் போன்ற ஆவி மருந்துகளும் இவ்வாறே நுரையீரல் வழியே உட்சென்று, நுரையீரல் வழியே வெளியேறுகின்றன. அறுவை முடிந்து ஆவியை நிறுத்தியபின் நோயாளி விடும் ஒவ்வொரு மூச்சும் அவரை விழிப்பை நோக்கி அழைத்துவருகிறது.

மருந்து நீரில் விடப்பட்ட மீன் முதலில் மெதுவாக நீந்துகிறது. பின்னர் சமநிலை இழந்து பக்கவாட்டில் சாய்கிறது. அதன்பின் வாலைக் கிள்ளினாலும் அசைவதில்லை. செவுள் மூடி மட்டும் மெல்ல அசைகிறது. அறுவை செய்வது இந்நிலையில்தான். அளவு மிஞ்சினால் செவுள் அசைவு நின்று, பின்பு இதயமும் நின்றுவிடும். வால் அசைவு நிற்கும் அளவுக்கும் செவுள் அசைவு நிற்கும் அளவுக்கும் உள்ள இடைவெளியே அம்மருந்தின் பாதுகாப்பு எல்லை. மருந்துகளை ஒப்பிடுவோர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மருந்துகள் ஒவ்வொன்றாக

டிரைகைன்: எம்.எஸ். 222 என்ற பெயரால் ஆய்வகங்களில் வழங்கும் இதுவே மீன்களுக்கு மிகுதியாகப் பயன்படும் மருந்து. வளர்ந்த ஜீப்ரா மீனுக்கு ஒரு லிட்டர் நீரில் 160 மில்லிகிராம் அளவில் கரைப்பது வழக்கம். நரம்புகளில் மின்தூண்டல் பரவுவதற்குத் தேவையான சோடியம் வாயில்களை இது அடைக்கிறது. விரைவில் மயக்குகிறது, விரைவில் தெளிவிக்கிறது. ஆனால் நீரில் கரைந்ததும் நீரை அமிலமாக்கிவிடுகிறது. அதை ஈடுசெய்யச் சோடியம் பைகார்பனேட் சேர்க்கவேண்டும். நம் அடுக்களையில் ஆப்பசோடா என்ற பெயரில் இருப்பது அதுவே. சோடா சேர்க்க மறந்தால், சரியான அளவு மருந்தே மீனை வருத்தும். மருந்து ஒன்றே ஆயினும் அதைத் தயாரிக்கும் முறை தவறினால் பயன் கெடும் என்பதற்கு இது சான்று.

பென்சோகைன், லிக்னோகைன்: பென்சோகைன் டிரைகைனுக்கு நெருங்கிய உறவுடைய வேதிப்பொருள். நீரில் எளிதில் கரையாததால் முதலில் ஆல்கஹாலில் கரைத்துப் பின் நீரில் சேர்க்கிறார்கள். மனிதருக்குத் தொண்டை மாத்திரைகளிலும் வாய்ப்புண் களிம்புகளிலும் இது இடம்பெறுகிறது. லிக்னோகைனோ பல் மருத்துவர் ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசியால் உங்களுக்குப் பழக்கமானது. இடத்தை மட்டும் மரக்கச்செய்யும் மருந்து மீனை முழுவதும் மயக்குவது எப்படி? செவுள் வழியே அது குருதி முழுவதும் பரவுவதாலேயே. மனிதரிலும் லிக்னோகைன் அளவு மீறிக் குருதியில் கலந்தால் தலைச்சுற்றல், வலிப்பு, இதயத்துடிப்பு நின்றுபோதல் வரை நேரலாம். ஜீப்ரா மீன்களில் ஐந்து முறைகளை ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், லிக்னோகைனின் பாதுகாப்பு எல்லை குறுகியதாக இருந்தது; சில மீன்கள் இறந்தன. ஒரு மருந்து ஓரிடத்தில் பாதுகாப்பானது என்பதால் எல்லா வழியிலும் பாதுகாப்பானது ஆகிவிடாது. உடல் எடையைக் கேட்டுக் கணக்கிட்ட பிறகே நாங்கள் இவ்வூசியைப் போடுவது இதனால்தான்.

கிராம்பு எண்ணெய்: பல்வலிக்குக் கிராம்பு வைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் மீனையும் மயக்குகிறது. விலை குறைவு, எளிதில் கிடைக்கும். ஆனால் டிரைகைனைவிடத் தெளிவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது. இயற்கை எண்ணெய் என்பதால் ஒரு புட்டியில் உள்ள யூஜினாலின் அளவு மற்றொன்றில் இராது. 'இயற்கையானது, ஆகவே தீங்கில்லாதது' என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. யூஜினாலை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட புரோப்பனிடிட் என்ற ஊசி மருந்து ஒருகாலத்தில் மனிதருக்கும் மயக்கமூட்டப் பயன்பட்டது. கடும் ஒவ்வாமை எதிர்வினைகள் காரணமாக அது பின்னர் கைவிடப்பட்டது.

எட்டோமிடேட், மெட்டோமிடேட்: இவை இரண்டும் ஒரே குடும்பத்தவை. எட்டோமிடேட் குருதியழுத்தத்தை அதிகம் குறைப்பதில்லை. ஆகவே இதயம் தளர்ந்த நோயாளிகளுக்கு மயக்கம் தொடங்க இன்றும் பயன்படுகிறது. மெட்டோமிடேட் கொடுக்கப்பட்ட மீன் அமைதியாகிறது. ஆனால் அறுவைக்குத் தேவையான ஆழம் பெரும்பாலும் கிட்டுவதில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. மீன் எவ்வளவு துன்பத்தில் இருக்கிறது என்பதை அளக்க ஆய்வாளர்கள் கார்ட்டிசால் என்ற இயக்குநீரை அளப்பது வழக்கம். மெட்டோமிடேட் கொடுத்த மீன்களில் கார்ட்டிசால் உயரவில்லை. மீன் துன்பப்படவில்லை என்று இதற்குப் பொருளா? அவ்வாறு கொள்ளமுடியாது. கார்ட்டிசாலை உடல் உருவாக்கும் வேதிப்படியையே இம்மருந்துகள் தடுத்துவிடுகின்றன. மணியின் நாவைக் கட்டிவிட்டு, மணி ஒலிக்கவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று சொல்வது போன்றது அது.

மனிதரில் இதன் விளைவு பெரிது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளைத் தூக்கநிலையில் வைக்க எட்டோமிடேட்டைத் தொடர்ந்து செலுத்தியபோது இறப்பு கூடியதை 1983-இல் பிரிட்டன் மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். நோயை எதிர்த்து நிற்க உடலுக்குக் கார்ட்டிசால் இன்றியமையாதது. அதன்பின் அம்மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் வழக்கம் கைவிடப்பட்டது.

குளிர்வித்தல்: நீரின் வெப்பத்தைப் படிப்படியாகக் குறைத்து மீனை அசைவற்றதாக்கும் முறையும் உண்டு. முன்சொன்ன 2014 ஒப்பீட்டில் இதுவும் இடம்பெற்றது. மீன்கள் நன்கு மீண்டன. ஆயினும் குளிரால் அசைவு நின்றபோது வலியும் நின்றதா என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது.

மீனிடமே கேட்ட ஆய்வுகள்

இதுவரை சொன்ன ஒப்பீடுகள் எவ்வளவு விரைவில் மயங்கியது, எவ்வளவு விரைவில் தெளிந்தது, எத்தனை பிழைத்தன என்பவற்றைப் பார்த்தவை. மயக்கத்தில் ஆழும் அந்நேரம் மீனுக்கு எப்படி இருந்தது என்று 2013-லும் 2014-லும் வெளியான இரண்டு ஆய்வுகள் வினவின. முதலாவதில் ஒன்பது மருந்துகள் சோதிக்கப்பட்டன. தொட்டியின் ஒருபுறம் மருந்து நீரும் மறுபுறம் தூய நீரும் ஓட, மீன் எப்புறம் செல்கிறது என்று கண்காணித்தனர். டிரைகைன், பென்சோகைன் உள்ளிட்ட பெரும்பாலான மருந்துகளை விட்டு மீன்கள் விலகின. எட்டோமிடேட்டை விட்டு அவ்வாறு விலகவில்லை. இரண்டாம் ஆய்வில், மீன்கள் விரும்பித் தங்கும் வெளிச்சமான பகுதியில் மருந்து கொடுக்கப்பட்டது. தெளிந்தபின் அவை அவ்விடத்துக்குத் திரும்புகின்றனவா என்று பார்த்தபோது, டிரைகைன் பெற்றவையே மிகுதியாகத் தவிர்த்தன. கிராம்பு எண்ணெயும் மெட்டோமிடேட்டும் பெற்றவை அந்த அளவு தவிர்க்கவில்லை.

மிகுதியாகப் பயன்படும் மருந்து மீனுக்கு வெறுப்பூட்டுகிறது. மீன் வெறுக்காத மருந்தோ ஆழ்ந்த அறுவைக்குப் போதவில்லை. 'எது சிறந்தது' என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. 'எதற்கு, யாருக்கு, எவ்வளவு நேரத்துக்கு' என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

மனிதரிலும் இது பொருந்தும். டெஸ்ஃப்ளூரேன் விரைவில் தெளிவிக்கும். ஆனால் காரமான நெடியால் மூச்சுக்குழலை உறுத்தும். ஆகவே முகமூடி வழியே மயங்கவேண்டிய குழந்தைக்கு நெடி குறைந்த செவோஃப்ளூரேனையே தேர்கிறோம். மயங்கும் அந்தச் சில நொடிகளும் நோயாளியின் அனுபவத்தில் அடங்கியவை என்பதை நாங்கள் மறப்பதில்லை.

மூன்று வெவ்வேறு நிலைகள்

மீன்களைப் பற்றிய ஒப்பீடு நமக்குத் தரும் தலையாய பாடம் இது: அசையாதிருத்தல் ஒன்று, நினைவிழத்தல் வேறொன்று, வலியின்மை மற்றொன்று. ஒன்று இருப்பதால் மற்ற இரண்டும் இருப்பதாகக் கொள்ளக்கூடாது.

இவ்வுண்மை மனிதரில் துணிவான ஒரு சோதனையால் நிலைநாட்டப்பட்டது. தசைகளைத் தளர்த்தும் கியூரேரி மருந்தை 1942-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித் மயக்கவியலில் புகுத்தினார். அம்மருந்து மயக்கத்தையும் தருமோ என்ற ஐயம் சிலருக்கு இருந்தது. 1947-இல் அமெரிக்காவில் ஸ்காட் ஸ்மித் என்ற மருத்துவர் அதைத் தம் உடலிலேயே செலுத்தச் செய்தார். இமையைக்கூட அசைக்க முடியாமற் போயிற்று. மூச்சைக் கருவியின் துணையோடு பிறர் நடத்தினர். ஆயினும் நடந்த அனைத்தையும் கேட்டார், உணர்ந்தார், தெளிந்தபின் விவரித்தார். தசைத்தளர்த்தி வலியையும் போக்காது, நினைவையும் மறைக்காது என்பது அன்று ஐயமற உறுதியாயிற்று.

"மயக்கத்தின் நடுவே விழித்துக்கொண்டால் என்ன ஆகும்?" என்று எங்களிடம் கேட்போர் பலர். இது வீண் அச்சமன்று, ஆனால் அரிது. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளில் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பின்படி, முழு மயக்கம் பெற்றவர்களுள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர், இடையில் நினைவு வந்ததாகத் தெரிவித்தார். தசைத்தளர்த்தி பயன்பட்ட இடங்களில் இது 8,000 பேருக்கு ஒருவர். பயன்படாத இடங்களில் 1,36,000 பேருக்கு ஒருவர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. மயக்கம் குறையும்போது கை சற்றே அசையுமானால் நாங்கள் உடனே அறிந்துகொள்வோம். தசை தளர்ந்திருக்கும்போது அவ்வறிகுறி கிட்டாது.

எனவே நாங்கள் ஒரே மருந்தை நம்பியிருப்பதில்லை. நினைவை மறைக்கப் புரோபோஃபாலோ ஆவி மருந்தோ. வலியை அடக்க ஃபென்டனில், மார்ஃபின் அல்லது நரம்பை மரக்கச்செய்யும் ஊசி. தேவையானால் மட்டும் தசைத்தளர்த்தி. வெளிவிடும் மூச்சில் ஆவி மருந்தின் அளவு எவ்வளவு என்பதைக் கருவி காட்டிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது நெற்றியில் ஒட்டிய பட்டைகள் மூளையின் மின்னலைகளைக் காட்டும். நாடி, குருதியழுத்தம், உயிர்வளி ஆகியவற்றையும் இடைவிடாது கவனிக்கிறோம். மெட்டோமிடேட் கதை காட்டியபடி ஒரே அளவுகோல் நம்மை ஏமாற்றக்கூடும். அதனால்தான் பல அளவுகோல்கள். அறுவை முடியும்வரை மயக்கவியல் மருத்துவர் அரங்கில் உங்களோடு இருப்பதும் இதற்காகவே.

நீங்கள் செய்யவேண்டியவை

மருந்தைத் தேர்வது எங்கள் பணி. சரியாகத் தேர்வதற்கு வேண்டிய செய்திகள் உங்களிடமே உள்ளன. பரிசோதனையின்போது பின்வருவனவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

1. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டிருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள். அவ்வாறானவர்களின் உடல் தேவையான நேரத்தில் போதிய கார்ட்டிசாலைச் சுரக்காமல் போகலாம். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

2. நாட்டு மருந்துகள், மூலிகைப் பொடிகள், மது, புகை ஆகியவற்றின் பழக்கத்தையும் சொல்லுங்கள். இச்செய்திகளை உங்கள் பாதுகாப்புக்காக மட்டுமே கேட்கிறோம்.

3. முன்பு மயக்கம் பெற்றபோது தெளியத் தாமதம், கடும் வாந்தி, ஒவ்வாமை, இடையில் நினைவு வந்தது போன்ற அனுபவம் ஏதேனும் இருந்தால் கூறுங்கள். குருதி உறவினருக்கு அவ்வாறு நேர்ந்திருந்தாலும் கூறுங்கள். சிலருக்குத் தசைத்தளர்த்தி ஒன்றைச் சிதைக்கும் நொதி பரம்பரையாகவே குறைவாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்தைத் தேர்வோம்.

4. பட்டினி நேரத்தைக் காத்துக்கொள்ளுங்கள். பொதுவாக எளிய உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், தெளிந்த நீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிற்கவேண்டும். எண்ணெய்ப் பலகாரங்களுக்கு இன்னும் கூடுதல் நேரம். உங்களுக்கென்று எழுதித் தரப்பட்ட நேரமே இறுதியானது. பெரிய மீன்களையும் மயக்கத்துக்கு முன் பட்டினி வைப்பது வழக்கம், வெளிவரும் இரை செவுளை அடைக்கக்கூடும் என்பதால். நம்மில் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். "ஒரு வாய் காப்பிதானே" என்று அன்பினால் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். அறுவையைச் சில மணி நேரம் தள்ளிவைப்பது எளிது.

5. அறுவைக்குப்பின் வலி இருந்தால் பொறுத்துக்கொண்டிராமல் செவிலியரிடம் சொல்லுங்கள். பேச முடியாத முதியவரோ சிறு குழந்தையோ என்றால், அவர்களை நன்கறிந்த நீங்களே அவர்களுக்காகப் பேசவேண்டியவர். முகச்சுளிப்பு, உணவை மறுத்தல், வழக்கமில்லாத அமைதி ஆகியவற்றை எங்களுக்கு முன்பே நீங்கள் கண்டுகொள்வீர்கள். அமைதியாகப் படுத்திருப்பவருக்கு வலி இல்லை என்று கருதிவிடாதீர்கள்.

அடுத்த முறை "நல்ல மயக்க மருந்தாகக் கொடுங்கள்" என்று கேட்க விழையும்போது, "எங்கள் அப்பாவுக்கு எது பொருந்தும், ஏன்?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல எங்களுக்கு எப்போதும் நேரம் உண்டு. எந்த மருந்து, எந்த வழியில், என்ன எதிர்பார்க்கலாம், தெளிய எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றை அறுவைக்கு முன்பே உங்களுக்குப் புரியும்படி விளக்குவது எங்கள் கடமை.